விலை கேட்காத இடங்கள்

காலை ஏழு மணிக்குத் தெருவில் கீரை வருகிறது. கட்டு 20 ரூபாய். வாசலில் நிற்கும் பெண்மணி 15க்குக் கேட்கிறார். 'கட்டுப்படியாகாதும்மா' என்று கூடையைத் தூக்கப் போகிறார் கீரைக்காரம்மா. கடைசியில் 18க்கு முடிகிறது, கொசுறாக நாலு கொத்து கறிவேப்பிலையோடு. அதே பெண்மணி பதினொரு மணிக்கு ஒரு துக்க வீட்டுக்குக் கிளம்புகிறார். வழியில் பூக்கடை. மாலை 350 ரூபாய் என்கிறார் கடைக்காரர். எண்ணிக் கொடுத்துவிட்டு மாலையை வாங்கிக்கொண்டு நடக்கிறார். கேட்டிருந்தால் 300க்குக் கிடைத்திருக்கும். அது அவருக்கும் தெரியும், பூக்காரருக்கும் தெரியும். சாவு மாலைக்குப் பேரம் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

இரண்டு ரூபாய்க்காக ஐந்து நிமிடம் நின்றவர் ஐம்பது ரூபாயைக் கேட்காமலேயே விட்டது ஏன்? பொருளாதார உளவியலில் இதற்குப் பழைய விடை ஒன்று உண்டு. 1981இல் அமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 15 டாலர் கால்குலேட்டர் ஒன்று இருபது நிமிடத் தொலைவிலுள்ள இன்னொரு கடையில் 10 டாலருக்குக் கிடைக்கிறது, போவீர்களா என்று கேட்டதற்கு 68 விழுக்காட்டினர் போவோம் என்றார்கள். வேறொரு குழுவிடம் கால்குலேட்டரின் விலையை 125 டாலர் என்றும், அந்தக் கடையில் 120 என்றும் மாற்றிக் கேட்டபோது போகச் சம்மதித்தவர்கள் 29 விழுக்காடுதான். இரண்டிலும் மிச்சமாவது அதே 5 டாலர். மனிதர்கள் தொகையைப் பார்ப்பதைவிட, அது விலையில் எத்தனையாவது பங்கு என்றே பார்க்கிறார்கள் என்று விளங்கியது.

நல்ல விடை. ஆனால் நம் பெண்மணிக்குப் பொருந்தாது. கீரையில் அவர் மிச்சம்பிடித்தது 10 விழுக்காடு. மாலையில் மிச்சம்பிடித்திருக்கக்கூடியது 14 விழுக்காட்டுக்கும் மேல். தொகையாகப் பார்த்தாலும் பங்காகப் பார்த்தாலும் அவர் வாய் திறந்திருக்க வேண்டிய இடம் பூக்கடை. அங்கே அவர் வாயைக் கட்டியது கணக்குக்கு வெளியே இருக்கிறது. கீரைக்காரம்மாவிடம் பேசிய பேரமும் முழுக்கப் பணத்துக்காக இல்லை என்பதற்குக் கொசுறே சாட்சி. அந்தக் கறிவேப்பிலைக்குக் காசு கேட்டால் யாரும் வாங்கமாட்டார்கள். நாம் ஏமாறவில்லை, அவரும் நம்மை மதித்தார் என்ற நிறைவுக்கான ரசீது அது.

ஒருவருடைய விழுமியங்களை அவருடைய செலவிலிருந்து கண்டுபிடிக்க விரும்புகிறவர்கள், எதற்கு எவ்வளவு போயிற்று என்று கூட்டிப் பார்ப்பதே வழக்கம். எங்கே விலை கேட்பதை நிறுத்துகிறார் என்று பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும் என்பது என் எண்ணம். மிகவும் ஏழையான வீட்டிலும் அப்படி ஓரிரு இடங்கள் இருக்கும்.

தமிழில் செலவு என்ற சொல்லின் பழைய பொருள் 'செல்லுதல்', பயணம். வரவும் செலவும் வருவதும் போவதும்தான். போகிற பணத்துக்கு நம்மிடம் எத்தனை பெயர்கள்! தண்டச்செலவு, வெட்டிச்செலவு, கைச்செலவு, வழிச்செலவு, சுபச்செலவு. இந்த ஆண்டு விரயம் அதிகம் என்று ஜோசியர் சொல்லிவிட்டால், அதைச் சுபச்செலவாக மாற்றிக்கொள்ளச் சொல்வார்; வீட்டுக்காரர்கள் நகைக்கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். பணம் போவது உறுதி, எந்தப் பெயரில் போகிறது என்பது நம் கையில் என்ற இந்த நம்பிக்கையைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. அதைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன். இப்போதைக்கு இன்னொரு சொல்லிணை. சிக்கனம், கஞ்சத்தனம் இரண்டையும் தொகையை வைத்துப் பிரிக்கவே முடியாது. பழைய செருப்பைத் தைத்துத் தைத்துப் போடுகிறவரைச் சிக்கனக்காரர் என்கிறோம். தங்கை மகள் காதுகுத்துக்கு வெறுங்கையோடு போனால் அதே மனிதர் கஞ்சன். தனக்குக் குறைத்தால் சிக்கனம், பிறருக்குக் குறைத்தால் கஞ்சம். ஒழுக்கத்தின் முழு வரைபடமும் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவே இருக்கிறது.

ஷலோம் ஷ்வார்ட்ஸ் என்ற உளவியலாளர் 1992இல் மனித விழுமியங்களைப் பத்து வகையாகப் பிரித்தார். பாதுகாப்பு, சாதனை, மரபு, இன்பம், தன்விருப்பப்படி வாழ்தல் என்று போகும் அந்தப் பட்டியல் பல நாடுகளில் சோதிக்கப்பட்டது. அதை வைத்துக் கேள்வித்தாள் தயாரித்து, உங்களுக்கு எது முக்கியம் என்று மதிப்பெண் போடச் சொல்வார்கள். இதில் எனக்கு ஒரு தயக்கம். விழுமியத்தைத் தனிமனிதரின் உள்ளே இருக்கும் பொருளாக இது எடுத்துக்கொள்கிறது. 'முறை' என்று நாம் சொல்வதை இதில் எந்தக் கட்டத்தில் போடுவது? தாய்மாமன் சீர் செய்வது மாமனின் சொந்த விழுமியமா, மருமகளுக்கும் அவருக்கும் நடுவில் இருக்கும் ஒன்றா?

சோற்றிலிருந்து தொடங்கலாம். செலவு பற்றிய ஆய்வுகளுக்கெல்லாம் மூத்தது எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857இல் எழுதியது. பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் கணக்குகளைப் பார்த்து, வருமானம் ஏற ஏற அதில் உணவுக்குப் போகும் பங்கு இறங்கும் என்றார். இந்தியாவிலும் அது பிசகவில்லை. தேசிய மாதிரி ஆய்வின்படி 2011-12இல் கிராமப்புறக் குடும்பச் செலவில் உணவின் பங்கு ஏறத்தாழ 53 விழுக்காடு. 2022-23இல் அது 46க்கு வந்துவிட்டது. அந்த ஆண்டில் தமிழகக் கிராமங்களில் தலைக்கு மாதச் செலவு 5,310 ரூபாய், நகரங்களில் 7,630. விதி சரிதான். எந்த அரிசி என்று மட்டும் அது சொல்லாது.

எந்த அரிசி என்ற கேள்வியைப் பொருளாதாரத்துக்குள் கொண்டுவந்தவர் டேவிட் அட்கின். 1980களின் தேசிய மாதிரி ஆய்வுத் தரவுகளில், ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களை அதே ஊரின் உள்ளூர்க் குடும்பங்களோடு ஒப்பிட்டார். 2016இல் வெளிவந்த அந்த ஆய்வின் முடிவு எளிமையானது: குடிபெயர்ந்தவர்கள் உணவுக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பக்கத்து வீட்டாரைவிடக் குறைவான கலோரியே பெறுகிறார்கள். சொந்த ஊரில் மலிவாகக் கிடைத்த தானியம் புது ஊரில் விலை கூடுதல். ஆனாலும் அதையே வாங்குகிறார்கள். கணவன் மனைவி இருவரும் வெளியிலிருந்து வந்தவர்களாக இருந்தால் இழப்பு இன்னும் கூடுகிறது. போதிய சத்து கிடைக்காத ஏழை வீடுகளிலும் இதே கதை. வயிறு நிறையாத நிலையிலும் நாக்கு ஊரை விடவில்லை.

வட இந்திய நகரமொன்றில் சில ஆண்டுகள் வாழ்ந்த எவருக்கும் இதற்குப் புள்ளிவிவரம் தேவைப்படாது. பக்கத்துக் கடையில் பச்சரிசி மூட்டை மூட்டையாக இருக்கும். கோதுமை மாவு அதைவிட மலிவு. நம்மவர்கள் இரண்டு பேருந்து மாறிப் போய்ப் புழுங்கலரிசியும் இட்லி அரிசியும் வாங்கி வருவார்கள். விலையைக் கேட்பார்கள், முகம் சுளிப்பார்கள், வாங்கிவிடுவார்கள். அந்தச் சுளிப்பு முக்கியம். அது பேரத்தின் தொடக்கம் இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சமாதானம்.

ஊரிலேயே இருப்பவர்கள் வீட்டிலும் அரிசிக்குள் ஒரு பிரிவினை உண்டு. தமிழகத்தில் 2008 செப்டம்பரிலிருந்து ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய். 2011 ஜூனிலிருந்து விலையே இல்லை. பொருளாதாரப் பாடநூலின்படி, இலவசமாக வருகிற அளவுக்குக் கடை அரிசி வாங்குவது குறைய வேண்டும். பல வீடுகளில் குறைந்தும் இருக்கிறது. ஆனால் அடுப்படிக்குள் போய்ப் பார்த்தால் இரண்டு பாத்திரங்கள் இருக்கும். ரேஷன் அரிசி இட்லிக்கும் தோசைக்கும் ஊறப் போகும், சிலர் வீட்டில் கோழிக்கும் போகும். மதியச் சோற்றுக்குக் கடை அரிசி. இரண்டையும் சோற்றுக்கு வைக்கிற வீட்டிலும், விருந்தாளி வந்தால் ரேஷன் அரிசி உலைக்குப் போகாது. சம்பந்தி வீட்டார் வரும் நாளில் கடன் சொல்லியாவது ஒரு படி பொன்னி வரும். அந்த ஒரு படி பொன்னியில் இருக்கும் கலோரியை எண்ணி, இந்த வீடு பகுத்தறிவுக்கு விரோதமாகச் செலவழிக்கிறது என்று எழுதினால் அது தவறான வாசிப்பு. அது உணவுச் செலவே இல்லை. மரியாதைச் செலவு.

இப்படித் தப்பாக வாசிப்பதற்கு நூறாண்டு வரலாறு இருக்கிறது. ஏழைகள் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் செலவழித்துக் கெட்டுப்போகிறார்கள் என்பது வெள்ளைக்கார அதிகாரிகளின் அறிக்கைகளிலும், நம் சீர்திருத்தக்காரர்களின் மேடைகளிலும், இன்றைய நிதி ஆலோசகர்களின் காணொலிகளிலும் மாறாமல் வருகிற வாக்கியம். பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும் 2007இல் எழுதிய கட்டுரையில் உதய்பூர் மாவட்டக் கிராமங்களின் கணக்கு வருகிறது. நாளொன்றுக்குத் தலைக்கு ஒரு டாலருக்கும் கீழே வாழ்ந்த அந்த வீடுகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல், முந்தைய ஓராண்டில் ஏதாவதொரு கல்யாணத்துக்கோ, இழவுக்கோ, திருவிழாவுக்கோ செலவு செய்திருந்தன. அவற்றில் நடுவில் நிற்கும் ஒரு வீட்டில் ஆண்டுச் செலவின் பத்தில் ஒரு பங்கு திருவிழாக்களுக்கே போயிற்று. குடி, புகையிலை, திருவிழா மூன்றையும் விட்டிருந்தால் உணவுக்கு 30 விழுக்காடு வரை கூடுதலாகச் செலவிட்டிருக்கலாம்.

குடியையும் திருவிழாவையும் ஒரே பையில் போட்டுக் கூட்டுவது எனக்கு உறுத்துகிறது. ஆனால் கணக்கு என்னவோ கணக்குதான். தேர்வு செய்ய இடமே இல்லாத அளவுக்கு ஏழை என்று நாம் நினைக்கும் மனிதர் தேர்ந்துதான் செலவழிக்கிறார். பசியைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம், ஊர் பந்தியில் ஒருநாள் நாம் பரிமாறுகிறவராக இல்லாமல் போவதைப் பொறுக்க முடியாது என்று அவர் முடிவு செய்திருக்கிறார். அந்த முடிவை எந்தக் கேள்வித்தாளும் அவரிடமிருந்து வாங்கியிருக்காது.

மரியாதைக்குக் கொடுக்கும் விலை எல்லோருக்கும் ஒன்றில்லை. மெலனி காமிஸ், நிஷித் பிரகாஷ், ஜஹ்ரா சித்திக் மூவரும் 2012இல் வெளியிட்ட இந்திய ஆய்வு, பிறர் கண்ணுக்குத் தெரியும் பொருள்களின் மீதான செலவை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தது. வருமானம், சொத்து, குடும்ப அளவு எல்லாவற்றையும் சமப்படுத்திய பிறகும் பிற்படுத்தப்பட்ட சாதிக் குடும்பங்கள் முற்பட்ட சாதியினரைவிட 8 விழுக்காடு கூடுதலாகவும், முஸ்லிம் குடும்பங்கள் 14 விழுக்காடு குறைவாகவும் அப்படிச் செலவழிக்கின்றன. காரணங்களைப் பற்றி வாதிடலாம். சில தெருக்களில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தவர்களின் பேரன் முதல் சம்பளத்தில் விலை உயர்ந்த ஷூ வாங்கினால், அதை ஆடம்பரம் என்று சொல்கிறவர் அந்தத் தெருவில் நடந்திருக்கமாட்டார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

மொய்க்கு வருகிறேன். அது இந்தக் கட்டுரையின் நடுவீடு.

தென்மாவட்டங்களிலும் டெல்டாவிலும் பல வீடுகளில் இரண்டு நோட்டுகள் இருக்கும். ஒன்று வீட்டுக் கணக்கு: பால், மளிகை, கேஸ், பள்ளிக்கூடக் கட்டணம். பாதி மாதத்தில் எழுதுவது நின்றுபோய், அடுத்த மாதம் ஒன்றாம் தேதி மறுபடி உற்சாகமாகத் தொடங்கும் நோட்டு இது. மற்றது மொய் நோட்டு. அதில் ஒரு பக்கம்கூடக் கிழிந்திருக்காது. பீரோவில் பத்திரங்களோடு இருக்கும். ஊர்ப் பெயர், ஆள் பெயர், அப்பா பெயர், தொகை. ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தவுடன் அது வெளியே வரும். 'நமக்கு ஐந்நூத்தியொண்ணு செஞ்சிருக்காங்க' என்று அம்மா விரல் வைத்துப் படிப்பார். அதற்குக் குறைத்துச் செய்ய முடியாது, அதே தொகையைச் செய்தால் கணக்கைத் தீர்த்துக்கொண்டதுபோல் ஆகிவிடும். கூட்டித்தான் செய்ய வேண்டும். எவ்வளவு கூட்டுவது என்பதில்தான் உறவின் வெப்பநிலை தெரியும்.

பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்தில் இது இன்னும் தெளிவான வடிவத்துக்கு வந்துவிட்டது. அங்கே மொய் வாங்கக் கல்யாணம்கூடத் தேவையில்லை. மொய் விருந்து என்றே நடத்துகிறார்கள். ஆடி, ஆவணி மாதங்களில் நோட்டீஸ் அடித்து, பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, மேசை போட்டு எழுதுவார்கள். செலவைப் பங்கிட்டுக்கொள்ளப் பலர் ஒரே பந்தலில் சேர்ந்து வைப்பதும் உண்டு. ஒருவர் ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை வைக்கலாம். திருப்பிச் செய்யும் பழைய தொகைக்குப் 'பழைய நடை' என்றும், அதற்கு மேல் புதிதாகச் செய்வதற்குப் 'புது நடை' என்றும் பெயர். பழைய நடையை மட்டும் எழுதிவிட்டுப் புது நடை எழுதாமல் எழுந்தால் அந்த வரவு செலவு முடிந்துவிட்டது என்று பொருள். எவரும் சண்டை போடாமல் உறவை முடித்துக்கொள்ள இவ்வளவு நாகரிகமான வழி வேறு சமூகத்தில் இருக்கிறதா என்று தெரியவில்லை.

அப்படிச் சேர்ந்த பணத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள், வீட்டுக்குக் கூரை மாற்றியவர்கள், பிள்ளையைப் பொறியியல் படிக்க வைத்தவர்கள் உண்டு. வங்கிமொழியில் சொன்னால் இது ஈடில்லாத, வட்டியில்லாத, பல நூறு பேரிடமிருந்து சின்னச் சின்னத் தொகையாகத் திரட்டிய கடன். பத்திரம் இல்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை. திருப்பித் தராதவரைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. ஆனாலும் பெரும்பாலும் திரும்பி வருகிறது. வரச் செய்வது எது? மானம் என்றுதான் அங்குள்ளவர்கள் சொல்வார்கள். 1992இல் வந்த 'சின்ன கவுண்டர்' படத்தில் கடனை அடைக்க நாயகி மொய் விருந்து வைப்பாள். உண்டவர்கள் இலைக்கு அடியில் பணம் வைத்துவிட்டுப் போவார்கள். கொங்கு நாட்டுக் கதையாகச் சொல்லப்பட்டாலும் தமிழகம் முழுவதும் அந்தக் காட்சி புரிந்தது.

இதைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிட முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் இதே வட்டாரத்தின் தென்னைகளைச் சாய்த்தது. தென்னை போனால் வரும்படி போயிற்று. மொய் நோட்டு மட்டும் போகவில்லை. மழை பொய்த்தாலும் விலை சரிந்தாலும், பத்திரிகை வந்தால் செய்தாக வேண்டும். வட்டியில்லாத மொய்யைத் திருப்பிச் செய்ய வட்டிக்கு வாங்கும் ஆள் எல்லா ஊரிலும் இருக்கிறார். விலை கேட்காத இடத்தின் மறுபக்கம் இது: கேட்க முடியாத இடமாகவும் அது இருக்கிறது. பூக்கடையில் அந்தப் பெண்மணி வாய் திறக்காதது அவருடைய அன்பாக இருக்கலாம், பக்கத்தில் நின்றவர்களின் பார்வையாகவும் இருக்கலாம். அவரிடமே கேட்டாலும் பிரித்துச் சொல்லிவிடுவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

விழுமியத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்கச் சொன்ன இயக்கங்களில் மிகப் பெரியது கதர். அது முட்டுச்சந்தில் போய் நின்ற இடமும், அதிலிருந்து வழி கண்ட இடமும் மதுரை. 1921 செப்டம்பரில் சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வந்த காந்தி, பெட்டியில் இருந்தவர்களிடம் கதர் உடுத்தச் சொல்லிப் பேசினார். நாங்கள் ஏழைகள், கதர் வாங்கக் கட்டுப்படியாகாது என்று பதில் வந்தது. உண்மையும் அதுதான். மில் துணியைவிடக் கதர் விலை அதிகம். லண்டனில் மாணவராக இருந்தபோது பஸ் கட்டணம், தபால் செலவு வரை ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதி, இரவு இருப்பைச் சரிபார்த்துவிட்டுத் தூங்கிய மனிதருக்கு அந்தப் பதிலின் கணக்கு உடனே புரிந்திருக்கும். செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதி வீட்டிலிருந்து அவர் அரையாடையோடு வெளியே வந்தார். துணியின் விலையைக் குறைக்க அவரால் ஆகாது. துணியின் அளவைக் குறைத்தார்.

அந்த ரயில் பயணிகளின் பதில் இன்றும் பொருந்தும். நெல் ஜெயராமன் 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளைத் திரட்டி, திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, விதையைக் கொடுத்து இரு மடங்காகத் திருப்பி வாங்கிப் பரப்பினார். மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் மறுபடி வயலுக்கு வந்தன. அவை போய்ச் சேர்ந்தது எங்கே? நகரத்து இயற்கை அங்காடியில், பொன்னியைப்போல் இரண்டு மடங்கு விலைச்சீட்டோடு. ரசாயனமில்லாத சோறு வேண்டும் என்ற விருப்பம் ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் இருக்கிறது. அதை விழுமியம் என்று பெயரிட்டுச் சொல்லிக்கொள்ளும் வசதி மாதச் சம்பளக்காரருக்குத்தான் கிடைத்திருக்கிறது. செலவை வைத்து விழுமியத்தை அளப்பவர்கள் அடிக்கடி விழும் குழி இது. வாங்காதவருக்கு அக்கறை இல்லை என்று எழுதிவிடுகிறார்கள்.

செலவைக் கூட்டிய விழுமியம் கதர் என்றால், குறைத்த விழுமியம் சுயமரியாதை. 1928இல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அய்யர் இல்லை, ஓமம் இல்லை, முகூர்த்தம் பார்ப்பதில்லை. புரோகிதத்தை மறுப்பது அதன் உயிர் என்றால், கடன் வாங்கிக் கல்யாணம் செய்யாதே என்பது அதன் கைச்செலவுக் கணக்கு. கல்யாணச் செலவைச் சுருக்கச் சொல்லிப் பெரியார் வாழ்நாள் முழுக்கப் பேசினார். அவருடைய சொந்தச் சிக்கனம் ஊரறிந்தது. தன்னோடு படம் எடுத்துக்கொள்ள வந்தவரிடமும் பிள்ளைக்குப் பெயர் வைக்கச் சொன்னவரிடமும் காசு வாங்கி இயக்கத்துக்குச் சேர்த்தார். தனக்குக் குறைத்தால் சிக்கனம் என்ற பழைய இலக்கணத்துக்குள் அவர் அடங்குவார். 1967இல் அண்ணா ஆட்சி இத்திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு தந்தது. இன்று தலைவர் தாலி எடுத்துக் கொடுக்கும் எத்தனையோ திருமணங்கள் ஆயிரம் பேர் அமரும் மண்டபத்தில், மூன்று பந்தி விருந்தோடு நடக்கின்றன. புரோகிதர் போய்விட்டார், பந்தல்காரரும் சமையல்காரரும் போகவில்லை. கடவுளைவிடச் சம்பந்தியிடமிருந்து விடுபடுவது கடினம் என்பதைத் தவிர இதற்கு எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை.

இதுவரை வீட்டை ஒரே ஆள்போல் எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்குள் பணம் யார் கையில் இருக்கிறதோ அவருடைய விழுமியம்தான் செலவாகிறது. பிரிட்டனில் 1970களின் இறுதியில், தந்தையின் சம்பளத்தில் வரிச் சலுகையாக வந்துகொண்டிருந்த குழந்தைகளுக்கான உதவியை எடுத்துத் தாயின் கையில் பணமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். மொத்த வருமானம் அநேகமாக மாறவில்லை. ஷெல்லி லண்ட்பர்க் உள்ளிட்ட மூவர் 1997இல் காட்டியபடி, அதற்குப் பிறகு ஆண்களின் உடையோடு ஒப்பிட்டால் பெண்கள், குழந்தைகள் உடைக்கான செலவு கூடியது. பணம் சட்டைப் பையிலிருந்து முந்தானைக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

பெயர் வைப்பதைப் பற்றிப் பின்னால் பேசுவதாகச் சொன்னேன். பணத்துக்கு வீட்டுக்குள் நிறம் உண்டு, எல்லா ரூபாயும் ஒரே ரூபாய் இல்லை என்று சமூகவியலாளர் விவியானா செலிசர் 1994இல் ஒரு நூலே எழுதினார். அதற்கு அழகான சான்று பிரிட்டனில் முதியோருக்குக் கொடுக்கப்படும் குளிர்காலத் தொகை. எரிபொருளுக்கு என்று பெயர் மட்டும்தான். எதற்கு வேண்டுமானாலும் செலவிடலாம், கேட்பாரில்லை. வெறும் பணமாக நினைத்திருந்தால் அதில் 3 விழுக்காடுதான் எரிபொருளுக்குப் போயிருக்கும். உண்மையில் போனது சராசரியாக 47 விழுக்காடு என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. பெயருக்கு அவ்வளவு பலம். சுபச்செலவு சொன்ன ஜோசியர் அவ்வளவு ஒன்றும் தவறாகச் சொல்லிவிடவில்லை. 2023 செப்டம்பரில் தமிழக அரசு ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது அதை உதவித்தொகை என்று சொல்லாமல் உரிமைத்தொகை என்றது. அந்தப் பெயர் அந்த ஆயிரத்தை வீட்டுக்குள் எந்தப் பாத்திரத்தில் போட்டிருக்கிறது என்று அடுத்த பத்தாண்டில் யாராவது கணக்கெடுத்தால் நல்லது.

கணக்கெடுக்க முடியாத பணமும் ஒன்று உண்டு. சிறுவாடு. மளிகையில் மிச்சம்பிடித்து, பால் விற்று, முட்டை விற்று, கணவனுக்குத் தெரியாமல் பெண்கள் சேர்க்கும் காசு. இந்தச் சேமிப்புக்குத் தமிழில் தனிப் பெயரே இருக்கிறது. அரிசிப் பானைக்குள், கடுகு டப்பாவுக்குள், பழம்புடவை மடிப்புக்குள் அது இருக்கும். அதற்கு நோட்டு கிடையாது. மொய்யைப்போல் மைக்கில் சொல்வதும் கிடையாது. காலையில் கீரைக்காரம்மாவிடம் மிச்சம்பிடித்த இரண்டு ரூபாய் எங்கே போயிற்று என்று கேட்டால் பெரும்பாலும் இங்கேதான் வந்திருக்கும்.

2016 நவம்பர் 8 அன்று இரவு எட்டு மணிக்கு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. ஒரே வாரத்தில் தமிழகத்துச் சமையலறைகள் எல்லாம் வாய் திறந்தன. எங்கள் தெருவில் ஒரு பாட்டி, மகனுக்குத் தெரியாமல் இருபது ஆண்டுகளாகச் சேர்த்ததைத் துணிமூட்டையிலிருந்து எடுத்து அவன் முன்னால் வைத்தார். மகனும் மருமகளும் உட்கார்ந்து எண்ணினார்கள். தாள்களில் பெருங்காய வாசனை. 'எதுக்கும்மா இவ்ளோ சேத்து வெச்ச?' என்று கேட்டான். 'ஒண்ணுத்துக்கும் இல்லடா, சும்மா கெடந்துச்சு' என்றார். வரிசையில் நின்று தன் கணக்கில் போட்டுவிட்டு வந்த மகன், வேண்டும்போது கேளு என்றான். பாட்டி கேட்க அந்த வேளை வரை காத்திருக்கவில்லை. அடுத்த மாதமே, 'என் பணத்தை எடுத்துக் குடுத்துரு, எல்லாம் நூறு ரூபா தாளா' என்றார்.